முட்டி வலிக்குதா? இடுப்பைக் காட்டு!

தஞ்சாவூர் சந்தேகப் பேர்வழி: குழந்தைகளின் இடுப்பு ஆபரேஷன், கதிர்வீச்சு சிகிச்சையில் தோல் பராமரிப்பு, இரண்டையும் ஒரே இதழில் கேட்கச் சொல்லிவிட்டீர்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா, மாமா?

பதில்: முடிச்சைப் போட்டவர் ஒரு ஜெர்மன் சர்ஜன், கியார்க் பெர்த்தஸ். எக்ஸ்ரே பட்டால் புற்றுக்கட்டியின் வளர்ச்சி ஒடுங்குகிறது என்று 1903-ல் எழுதியவர் அவர். சிறுவர்களின் தொடை எலும்புத் தலை நொறுங்கும் நோயை 1910-ல் விவரித்தவரும் அவரே. மொட்டைத் தலை பிறகு வரட்டும், முழங்காலிலிருந்து ஆரம்பிப்போம்.

நாமக்கல் அப்பா: பையனுக்கு 12 வயது, கொஞ்சம் பருமன். ஒரு மாதமாக முட்டி வலி என்கிறான். முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தோம், சுத்தமாக இருக்கிறது. வளர்கிற வயதில் வரும் வலிதானே?

பதில்: எக்ஸ்ரே சரி, எடுத்த இடம்தான் சரியில்லை. இடுப்பு மூட்டுக்கும் முட்டிக்கும் ஒரே நரம்பிலிருந்து கிளை போகிறது. இடுப்பு அழுதால் முட்டி கண்ணீர் விடும்.

10 முதல் 16 வயதுக்குள், அதிலும் எடை கூடிய பிள்ளைக்கு, தொடை எலும்பின் தலை வளர்ச்சித் தட்டில் நழுவலாம். கோன் மேலிருந்து ஐஸ்கிரீம் சரிவதுபோல் என்பார்கள் எலும்பு டாக்டர்கள். பையன் நடக்கும்போது அந்தப் பக்கத்துப் பாதம் வெளியே பார்க்கிறதா? டாக்டர் படுக்க வைத்துத் தொடையை மடக்கும்போது கால் நேரே வராமல் வெளிப்பக்கம் திரும்பிக்கொள்கிறதா? அப்படியென்றால் அடுத்த வாரம், பரீட்சை முடியட்டும் என்ற பேச்சே கூடாது. இன்றைக்கே இரண்டு இடுப்புக்கும் எக்ஸ்ரே, நேராக ஒன்று, தவளைக் காலாக விரித்து ஒன்று. அதுவரை அவன் ஓடவும் வேண்டாம், மாடிப்படி ஏறவும் வேண்டாம்.

நாமக்கல் அப்பாவின் தம்பி: நழுவிய தலையை இழுத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டால் என்ன?

பதில்: தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்கள் எலும்பின் கழுத்தை ஒட்டியே ஓடுகின்றன. பலமாக இழுத்தால் தலை இடத்துக்கு வரும், ரத்தம் வராது. நடக்க முடிகிற பிள்ளைக்குச் சிறு கீறல் வழியே ஒரு திருகாணி. தலை நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.

கோவை கல்லூரி மாணவி: இது பர்கர், பீட்சா வந்த பிறகு வந்த வியாதிதானே?

பதில்: பிரான்சின் அம்ப்ராஸ் பரே 1572-லேயே எழுதிவிட்டார். பர்கர் பின்னால் வந்து கூட்டணி சேர்ந்தது.

ஈரோடு அம்மா: என் மகளுக்கு வலி திடீரென்று கூடி, ஊன்றுகோல் வைத்தும் காலை ஊன்ற முடியவில்லை. மெல்ல நடக்க வைத்துப் பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது அம்மா. படுத்தபடியே ஆஸ்பத்திரிக்கு. 1993-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இப்படி நடக்கவே முடியாமல் வந்த பிள்ளைகளில் 47 சதவீதம் பேருக்கு எலும்புத் தலையின் ரத்த ஓட்டம் கெட்டது. நடந்து வந்தவர்களில் ஒருவருக்கும் கெடவில்லை. ஆகவே நடக்கிற நாளிலேயே காட்டுவதுதான் முழு வைத்தியத்திலும் பெரிய பங்கு. மறுபக்க இடுப்பையும் டாக்டர் கண்காணிப்பில் வைத்திருங்கள். அதுவும் பின்னாலேயே நழுவலாம்.

மதுரை அம்மா: என் பையனுக்கு ஆறு வயது, வீட்டையே தலைகீழாக்கும் வாலு. மூன்று வாரமாகச் சாயங்காலமானால் நொண்டுகிறான். கேட்டால் ‘வலிக்கல’ என்கிறான். எதை நம்புவது?

பதில்: காலை நம்புங்கள். விளையாடப் போக வேண்டுமென்று வாய் எதையும் சொல்லும். காலுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. 4 முதல் 8 வயதுப் பையன், ஓயாத ஓட்டம், வந்து வந்து போகும் நொண்டல் என்றால் பெர்த்தஸ் நோயா என்று பார்த்துவிட வேண்டும். தொடை எலும்புத் தலைக்குப் போகும் ரத்தம் தடைப்படுகிறது. எலும்பு செத்து, நொறுங்கி, பிறகு தானே மறுபடி உருவாகிறது. இந்தச் சுற்று முடிய 2 முதல் 4 வருடம் ஆகும். பெண் பிள்ளைகளைவிடப் பையன்களுக்கு நாலைந்து மடங்கு அதிகம்.

தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். படம் சுத்தம், நொண்டல் மிச்சம் என்றால் சில வாரத்தில் மறுபடி எடுங்கள்.

மதுரை அம்மாவின் அடுத்த கேள்வி: நாங்கள் என்ன பாவம் செய்தோம்?

பதில்: ஒன்றும் செய்யவில்லை. கீழே போட்டதாலும் வரவில்லை, பால் பவுடர் கொடுத்ததாலும் வரவில்லை. இதன் காரணம் உலகத்துக்கே இன்னும் பிடிபடவில்லை. நம் நாட்டின் தென்மேற்குக் கடலோரத்தில் இது கூடுதலாக இருப்பதை மணிப்பால் டாக்டர்கள் பல வருட ஆய்வில் காட்டினார்கள். அங்கே பிள்ளைகளுக்குச் சற்று வளர்ந்த வயதில் வருகிறது என்பதும் அவர்கள் கண்டதே. மாமியார் கண்டுபிடித்த காரணங்களை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புதுச்சேரி வினாடி வினா ரசிகர்: அந்த நோயின் முழுப்பெயரில் மூன்று பேர் இருக்கிறார்களாமே?

பதில்: பாஸ்டனில் லெக், பிரான்சில் கால்வே, ஜெர்மனியில் பெர்த்தஸ். மூவரும் 1910-ல் தனித்தனியே எழுதினார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பே ஸ்வீடனில் வால்டன்ஸ்ட்ராம் இதைப் பார்த்துவிட்டார். ஆனால் காசநோய் என்று நினைத்துவிட்டார். முதலில் பார்த்தவருக்குப் பெயர்ப்பலகையில் இடம் இல்லை!

விருதுநகர் பெரியப்பா: எலும்பு தானே முளைக்கும் என்கிறீர்கள். பிறகு எதற்கு ஆபரேஷன்?

பதில்: முளைக்கும் பெரியப்பா, எந்த வடிவில் முளைக்கும் என்பதுதான் வழக்கு. நொறுங்கும் கட்டத்தில் எலும்புத் தலை மெத்தென்று இருக்கும். அந்த நேரத்தில் அது குழிக்கு வெளியே துருத்தினால் தட்டையாகிவிடும். குழிக்குள்ளேயே அடங்கியிருந்தால் குழியின் வட்டமே அதற்கு அச்சு. அதற்காகத் தொடை எலும்பை வெட்டி உள்நோக்கிச் சாய்ப்பார்கள், அல்லது இடுப்பெலும்பை வெட்டிக் குழியின் கூரையைத் திருப்புவார்கள்.

ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள் பலருக்குக் கண்காணிப்பும் பயிற்சியுமே போதும். எட்டு வயதைத் தாண்டி வந்தால் டாக்டர் வேகம் காட்டுவார், நீங்களும் காட்டுங்கள். உருவம் கெட்ட பிறகு அடக்கி வைத்துப் பயனில்லை.

கும்பகோணம் பாட்டி: பேத்தி பிறந்திருக்கிறாள். காலைச் சேர்த்து நீட்டி, துணியில் இறுக்கிச் சுற்றினால்தான் கால் நேராக வளரும். மருமகள் யூட்யூப் பார்த்துவிட்டுத் தடுக்கிறாள். நியாயம் சொல்லுங்கள்.

பதில்: பாட்டி, தீர்ப்பு மருமகள் பக்கம். பிறந்த குழந்தையின் கால் மடங்கி, விரிந்து இருப்பதுதான் அதன் நேர். நீட்டிக் கட்டினால் தொடை எலும்புத் தலை, இன்னும் ஆழமாகாத குழியிலிருந்து நழுவப் பார்க்கும். ஜப்பானில் பிறந்த குழந்தைகளின் காலை நீட்டிக் கட்டும் வழக்கம் இருந்தது. 1970-களில் ‘கட்டாதீர்கள்’ என்று நாடு முழுக்கச் சொன்னார்கள். நூற்றுக்கு ஒன்று இரண்டு என்றிருந்த இடுப்பு விலகல் ஆயிரத்துக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கியது. மருந்தில்லை, கத்தியில்லை, துணியைத் தளர்த்தினார்கள், அவ்வளவே.

நெஞ்சோடு சுற்றுங்கள், தொடையை விட்டுவிடுங்கள். குளிப்பாட்டும்போது காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உதறுவதையும் விட்டுவிடுங்கள். கழுத்து நின்ற பிறகு இடுப்பில் இரு பக்கமும் கால் போட்டுத் தூக்கி வைத்துக்கொள்வீர்களே, அதை மட்டும் விடாதீர்கள். அதில் தீர்ப்பு முழுக்க உங்கள் பக்கம்.

மருமகள், கும்பகோணம் (தனித் தபால்): எந்தக் குழந்தைக்கு இந்த விலகல் வர வாய்ப்பு அதிகம்?

பதில்: பெண் குழந்தை, முதல் பிரசவம், வயிற்றில் தலை திரும்பாமல் பிட்டம் கீழே இருந்த குழந்தை, குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு இருந்தது. பிட்டம் கீழே இருந்த குழந்தைக்கு, டாக்டர் கை வைத்துச் சரி என்று சொன்னாலும், ஆறு வார வாக்கில் இடுப்புக்கு ஒரு ஸ்கேன் கேளுங்கள். எக்ஸ்ரே இப்போது வேண்டாம். எலும்புத் தலை படத்தில் தெரிய 4 முதல் 6 மாதம் ஆகும்.

துணி மாற்றும்போது ஒரு தொடை மற்றதைவிடக் குறைவாக விரிகிறதா? இரண்டு முட்டியையும் மடக்கி நிறுத்தினால் ஒன்று தாழ்கிறதா? இதைக் கவனிக்கத் தாயின் கையைவிடத் தேர்ந்த கை இல்லை. இத்தாலியில் ஃபெராரா ஊர்க் குழந்தை மருத்துவர் ஓர்டலானி, 1937-ல் உலகுக்குச் சொன்ன பரிசோதனையே ஒரு தாய் கொடுத்த துப்புதான். குழந்தையைக் கழுவிவிடும்போது இடுப்பில் ‘க்ளக்’ என்று கேட்கிறது என்று அவள் சொன்னாள். டாக்டர் காது கொடுத்தார்.

சேலம் தாத்தா: பிறந்தவுடன் இடுப்பு தளர்ந்திருக்கிறது என்றார்கள். இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது என்கிறார்கள். முதலில் பயமுறுத்திப் பணம் பறிக்கத்தானே?

பதில்: இல்லை தாத்தா. இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பார்லோ 1962-ல் இதைக் கணக்கெடுத்தார். பிறக்கும்போது தளர்ந்திருந்த இடுப்புகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்திலேயே இறுகின. இரண்டு மாதத்தில் 88 சதவீதம் தானாகச் சரியாயின. மீதி 12-ல் உங்கள் பேரன் இருக்கிறானா என்று பார்க்கத்தான் மறுபடி வரச் சொன்னார்கள். போனது வீண் அலைச்சல் இல்லை.

ஓசூர் அப்பா: இரண்டு டயாப்பர் மாட்டினால் கால் விரிந்தே இருக்குமாம். வைத்தியம் முடிந்ததாமே?

பதில்: முடிந்தது டயாப்பர் பாக்கெட்தான். இடுப்பைப் பிடிக்கும் பலம் அதற்கு இல்லை. போக வேண்டிய வாரங்கள் போய்விடும்.

திருப்பூர் அம்மா: மூன்று மாதக் குழந்தைக்கு பாவ்லிக் வார் மாட்டியிருக்கிறார்கள். குழந்தையைக் குதிரையில் உட்கார வைத்த கோலம். பார்க்கவே மனசு தாங்கவில்லை. ராத்திரி மட்டும் அவிழ்க்கலாமா?

பதில்: அவிழ்க்காதீர்கள் தாயே. ராத்திரியும் எலும்பு வளர்கிறது. செக்கோஸ்லோவாகியாவின் அர்னால்ட் பாவ்லிக் 1940-களில் இதைச் செய்தபோது அவர் மனசும் தாங்கவில்லைதான். அன்றைக்குக் குழந்தைகளை முரட்டு மாவுக்கட்டில் இறுக்கிப் போடுவார்கள். பலருக்கு எலும்புத் தலையின் ரத்தமே நின்றுபோனது. உதைக்கட்டும், ஆனால் விரித்தே உதைக்கட்டும் என்று வாரைக் கொண்டுவந்தவர் அவர். ஆறு மாதத்துக்குள் மாட்டினால் பெரும்பாலான குழந்தைகள் கத்தியே பார்க்காமல் தப்பிக்கின்றன.

வாருக்கு அடியில் மெல்லிய பருத்திச் சட்டை போடுங்கள். தொடை மடிப்பு, முட்டிக்குப் பின்புறம், கழுத்து, இந்த மூன்று இடத்தையும் தினமும் துடைத்து ஈரமில்லாமல் வையுங்கள். பவுடர் வேண்டாம். குழந்தை ஒரு காலை உதைப்பதை நிறுத்திவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். தொடை நரம்பு அழுந்தியிருக்கலாம். வார் நீளத்தை நீங்களே கூட்டிக் குறைக்க வேண்டாம்.

காரைக்குடி வரலாற்று ஆசிரியர்: கத்தியில்லாமல் இடுப்பைச் சரிசெய்த ‘ரத்தம் சிந்தாத சர்ஜன்’ ஒருவர் வியன்னாவில் இருந்தாராமே?

பதில்: அடால்ஃப் லோரன்ஸ். இங்கேதான் தோலும் இடுப்பும் கைகுலுக்குகின்றன, ஆசிரியரே. அந்தக் காலத்தில் கிருமி கொல்ல ஆபரேஷன் அறையில் கார்பாலிக் அமிலம் புழங்கும். அது பட்டுப் பட்டு லோரன்ஸின் கைத்தோல் புண்ணாகி, கத்தி பிடிக்கவே முடியாமல் போனது. வெறும் கையால் இடுப்பைக் குழிக்குள் தள்ளி மாவுக்கட்டுப் போடும் வித்தைக்கு மாறினார். 1902-ல் சிகாகோவின் இறைச்சி வியாபாரக் கோடீஸ்வரர் ஆர்மர், மகள் லோலிட்டாவுக்காக அவரைக் கப்பலில் வரவழைத்தார். அமெரிக்காவே வேடிக்கை பார்த்தது.

அவர் கட்டிய தவளைக் கோலம் அதிகமாக விரிந்ததால் பலருக்கு எலும்புத் தலை ரத்தமிழந்தது. பாவ்லிக் திருத்தியது அதைத்தான். லோரன்ஸின் மகன் கொன்ராட், வாத்துக்குஞ்சுகளைப் பின்னால் நடக்க வைத்து 1973-ல் நோபல் வாங்கினார். அப்பா குழந்தைகளை நடக்க வைத்தார், மகன் வாத்துகளை.

திண்டுக்கல் சித்தி: அக்கா மகளுக்கு இரண்டு வயது. வாத்து நடை. இப்போதுதான் இடுப்பு விலகியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். காலம் கடந்துவிட்டதா?

பதில்: வார் மாட்டும் காலம் கடந்தது, வைத்தியத்தின் காலம் கடக்கவில்லை. ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரை மயக்க மருந்து கொடுத்துக் கையாலேயே உள்ளே தள்ளி மாவுக்கட்டுப் போடப் பார்ப்பார்கள். அதைத் தாண்டினால் பெரும்பாலும் திறந்துதான் வைக்க வேண்டும். குழி ஆழமில்லையென்றால் கூரையையும் திருத்த வேண்டும். டொரண்டோவின் ராபர்ட் சால்டர் 1957-ல் தொடங்கிய வழி இன்றும் ஓடுகிறது. குழிக்கு மேலே இடுப்பெலும்பை வெட்டி, குழியை முன்பக்கமும் வெளிப்பக்கமும் திருப்பி, குழந்தையின் இடுப்பெலும்பிலிருந்தே எடுத்த முக்கோணத் துண்டை இடையில் செருகி, கம்பியால் நிறுத்துவது. வளர்ந்த குழந்தைக்குத் தொடை எலும்பையும் சற்றுக் குறுக்குவார்கள். அழுத்தம் குறைந்து ரத்த ஓட்டம் தப்பிக்கும்.

குழந்தைகளின் பிறவிக் குறைகளைத் தேட 2013-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் பட்டியலில் இந்த இடுப்பு விலகலும் இருக்கிறது. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கேளுங்கள். கேட்க வெட்கப்பட்டுச் சும்மா இருப்பதுதான் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

அதே சித்தி: மார்பு முதல் கால் வரை மாவுக்கட்டுப் போடப்போகிறார்களாம். ஆறு வாரம் எப்படிச் சமாளிப்பது?

பதில்: மூளைக்கு வேலை, முதுகுக்கும் வேலை. சிறிய டயாப்பரைக் கட்டின் உள்விளிம்புக்குள் செருகுங்கள். பெரியதை மேலே போட்டுப் பிடிக்க வையுங்கள். நனைந்ததும் மாற்றுங்கள், ராத்திரி ஒரு தரமாவது எழுந்து பாருங்கள். இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வையுங்கள். டார்ச் அடித்து விளிம்பைச் சுற்றிச் சிவப்பு, உரசல், புண் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். சொரசொரப்பான ஓரத்துக்கு டேப் ஒட்டித் தரச் சொல்லி வார்டிலேயே கேட்டு வாங்குங்கள்.

அரிக்கிறது என்று அழுவாள். ஸ்கேல், ஊசி, கரண்டிக் காம்பு எதையும் உள்ளே விடாதீர்கள்; தோல் கிழிந்தால் உள்ளே புண் வைத்துக் கட்டியதாகிவிடும். ஹேர் டிரையர் இருந்தால் குளிர்காற்று மட்டும். பொரிகடலை, பிஸ்கட் தூள், தம்பியின் கோலிக்குண்டு எல்லாம் கட்டுக்குள் போய் உட்காரும். சாப்பாட்டு நேரத்தில் நெஞ்சில் ஒரு துண்டு போடுங்கள்.

கால்விரல் குளிர்ந்தால், நீலம் பாய்ந்தால், வீங்கினால், கட்டிலிருந்து வீச்சம் வந்தால், காரணமில்லாக் காய்ச்சல் வந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

பெரம்பலூர் தாய்மாமன்: இரண்டு வயது மருமகனுக்குக் காய்ச்சல், காலை ஊன்ற மாட்டேன் என்கிறான், தொட்டாலே அலறுகிறான். ‘சுளுக்கு, எண்ணெய் போட்டு நீவினால் போகும்’ என்கிறார்கள்.

பதில்: எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வையுங்கள், வண்டியை எடுங்கள். காய்ச்சலும் ஊன்றாத காலும் சேர்ந்து வந்தால் மூட்டுக்குள் சீழ் என்றே நினைத்து ஓட வேண்டும். சீழ் குருத்தெலும்பைத் தின்ன நாள்கணக்குக்கூட எடுத்துக்கொள்ளாது. திறந்து கழுவிவிட வேண்டிய அவசரம் இது. கைக்குழந்தைக்குக் காய்ச்சலே இல்லாமலும் வரும். ஒரு காலை மட்டும் அசைக்காமல் கிடக்கும், துணி மாற்றினால் வீறிடும்.

சளி பிடித்துப் பத்து நாளில், காய்ச்சல் இல்லாமல், லேசாக நொண்டும் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒரு வார ஓய்வே மருந்து. இரண்டில் எது என்பதை டாக்டரும் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தீர்மானிக்கட்டும், நீவுகிறவர் வேண்டாம்.

வேலூர் நர்ஸ்: குழந்தைக்கு இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு கொடுத்தால் இடுப்பு மூட்டு பாதிக்குமா?

பதில்: உங்களுக்குப் பதில் தெரியும், மற்றவர்களுக்காகக் கேட்கிறீர்கள், நன்றி. பாதிக்கலாம். வளர்ச்சித் தட்டு வலுவிழந்து, முதலில் சொன்ன அந்த நழுவல், ஒல்லிக் குழந்தைக்கும் பல வருடம் கழித்து வரலாம். புற்றுநோயிலிருந்து மீண்ட பிள்ளை முட்டி வலி என்றால், பழைய ஃபைலோடு போய் இடுப்பைக் காட்டுங்கள்.

உளுந்தூர்பேட்டை விவசாயி: என் வீட்டுக்காரிக்குக் கரண்ட் வைக்கணும்னு சொல்லிட்டாங்க. ஷாக் அடிக்குமா?

பதில்: அடிக்காது ஐயா. எக்ஸ்ரே எடுக்கும்போது என்ன தெரிந்ததோ அதுதான், ஒன்றுமே தெரியாது. வாரத்தில் ஐந்து நாள், ஒவ்வொரு நாளும் சில நிமிடம். இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தோல் பேச ஆரம்பிக்கும்.

அவர் மகள்: அம்மா பேரனைத் தூக்கலாமா? உடம்பில் கதிர் ஒட்டிக்கொண்டு வருமா?

பதில்: வெளியிலிருந்து மெஷினில் கொடுக்கும் கதிர் ஒட்டாது. தூக்கலாம், கொஞ்சலாம், பக்கத்தில் படுக்க வைக்கலாம். ஆஸ்பத்திரி விட்டு வந்ததும் முதலில் பேரனைத்தான் கையில் கொடுக்க வேண்டும்.

திருவண்ணாமலை வாசகி: மார்பில் கதிர் வைக்கிறார்கள். சோப்பு, தண்ணீர் எதுவும் படக் கூடாது என்று பக்கத்துப் படுக்கை அக்கா சொன்னார். 25 நாள் குளிக்காமலா?

பதில்: அக்கா சொன்னது பழைய சட்டம். 1992-ல் இங்கிலாந்திலும் 2001-ல் கனடாவிலும் மார்பகக் கதிர்வீச்சு பெற்ற பெண்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். கழுவியதால் யாருக்கும் தோல் மோசமாகவில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், வாசனையில்லாத மென்மையான சோப்பு, உள்ளங்கையால் மெல்ல. தேய்ப்பான், நார், பீர்க்கங்கூடு எல்லாம் விடுமுறையில் போகட்டும். துண்டால் ஒற்றுங்கள், துடைக்காதீர்கள். மையால் போட்ட அடையாளக் கோடு மட்டும் அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் கதிருக்கு வழிகாட்டி அதுதான்.

சிதம்பரம் மாமி: மஞ்சளும் சந்தனமும் அரைத்துப் போட்டால் குளிர்ச்சிதானே? கழுத்தில் விபூதியும் இடுவேன்.

பதில்: நெற்றியில் இடுங்கள் மாமி, கதிர் படும் கழுத்துக்கு வேண்டாம். பற்று காய்ந்தால் தோலை இழுக்கும், எடுக்கத் தேய்க்க வேண்டிவரும், கோடும் போகும். ஐஸ் ஒத்தடம், வெந்நீர்ப் பை, டால்கம் பவுடர், சென்ட், ஒட்டும் பிளாஸ்திரி எல்லாமே அங்கே நுழையத் தடை. தாலிச் சங்கிலி அந்த இடத்தில் உரசினால் கழற்றி வையுங்கள். மாமாவின் ஆயுள் சங்கிலியில் இல்லை. உங்கள் தோல்தான் உரசலில் போகும்.

நாகப்பட்டினம் பெண்மணி: வயிற்றுக்குக் கீழே கதிர் வைக்கிறார்கள். பாவாடை நாடா கட்டும் இடம் எரிகிறது.

பதில்: நாடாவுக்கு ஓய்வு கொடுங்கள். சிகிச்சை முடிந்து தோல் ஆறும்வரை தொளதொள பருத்தி நைட்டி போதும். தொடை இடுக்கில் தோலோடு தோல் உரசும் இடம் முதலில் ஈரப்புண்ணாகும். கழுவி, ஒற்றி, கொஞ்சநேரம் காற்றாட விடுங்கள். வெட்கத்தில் மறைக்காமல் நர்ஸிடம் தினமும் காட்டுங்கள்.

தூத்துக்குடி ஆசிரியை: புத்தகத்தில் ‘தோல் சிவக்கும்’ என்று போட்டிருக்கிறது. எனக்குச் சிவக்கவே இல்லை. கதிர் வேலை செய்யவில்லையா?

பதில்: அந்தப் புத்தகம் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது டீச்சர். நம் தோல் சிவப்பைக் காட்டாது; கறுக்கும், கதகதக்கும், அரிக்கும், இழுக்கும். சிவக்கவில்லையே என்று டாக்டரும் ஏமாறக் கூடாது, நீங்களும் ஏமாறக் கூடாது. எரிகிறது என்று வாய் திறந்து சொல்லுங்கள், அதற்கு மதிப்பெண் உண்டு. தோல் மாற்றத்துக்கும் கதிர் புற்றைத் தாக்குவதற்கும் சம்பந்தமில்லை. தோல் தாங்கினால் சந்தோஷப்படுங்கள்.

கடலூர் மீன் வியாபாரி: தொண்டைக்குக் கதிர். ஷேவ் பண்ணலாமா? பீடியை ஒரேயடியாக விட முடியவில்லை.

பதில்: பிளேடு வேண்டாம், பேட்டரி ஷேவர் போதும். ஷேவிங் லோஷன் வேண்டாம். காலர் இறுகிய சட்டை வேண்டாம்; வெயிலில் வியாபாரத்துக்கு நின்றால் கழுத்தை மெல்லிய துணியால் மூடுங்கள். பீடிக்கு மட்டும் பாதி வழி கிடையாது. புகை தோலின் ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது, புண்ணை ஆறவிடாது, கதிரின் பலனையும் குறைக்கிறது. உங்கள் டாக்டர் கட்டிக்கொண்டிருக்கும் சுவரைத் தினமும் நீங்களே பெயர்ப்பீர்களா?

சென்னை ஐ.டி. இளைஞர்: அம்மாவுக்குக் கற்றாழையா, ஆன்லைனில் விற்கும் காலெண்டுலா க்ரீமா? எது பெஸ்ட்?

பதில்: கற்றாழை ஜெல் சோதனைகளில் சாதாரண க்ரீமை ஜெயிக்கவில்லை. காலெண்டுலா 2004-ல் பிரான்சில் 254 பெண்களிடம் நன்றாக வேலை செய்தது. 2013-ல் ஸ்வீடனில் சாதாரண க்ரீமோடு மோதியபோது வித்தியாசமே இல்லை. வாசனையில்லாத எளிய க்ரீமை முதல் நாளிலிருந்து மெல்லிய படலமாகப் போடுங்கள். தடிமனாக அப்பிக்கொண்டு மெஷின் முன் போகாதீர்கள். அரிப்புக்கு டாக்டர் எழுதித் தரும் மிதமான ஸ்டீராய்டு க்ரீம் நிஜமாகவே உதவுகிறது. தம்பி, அம்மாவுக்கு க்ரீம் ஆர்டர் போடுவதோடு நிற்காமல், முதுகுப்பக்கம் எட்டாத இடத்தில் தடவியும் விடுங்கள்.

அரியலூர் கணவர்: கதிர் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. ஆறுவதற்குப் பதில் அக்குளில் தோல் உரிந்து நீர் கசிகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. தோல் மெதுவாகக் கணக்குத் தீர்க்கிறது. முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் ஏறிப் பிறகுதான் இறங்கும். பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் மூடிக்கொள்ளும். கசிகிற புண்ணுக்கு ஒட்டாத டிரெஸ்ஸிங் வேண்டும், பஞ்சு ஒட்டிக்கொள்ளும். காய்ச்சல், சீழ், நாற்றம் வந்தால் உடனே காட்டுங்கள். ‘கோர்ஸ் முடிந்துவிட்டதே’ என்று தயங்காதீர்கள்.

ஆறிய பிறகு ஒரு வருடமாவது அந்த இடத்தில் நேர் வெயில் படாமல் பாருங்கள். பின்னாளில் சில கீமோ மருந்துகள் ஏறும்போது பழைய இடம் மறுபடி கன்றலாம். இங்கே கதிர் வைத்தது என்று கீமோ வார்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மயிலாப்பூர் பெரியவர்: என் பாட்டிக்கு 1940-களில் கதிர் வைத்துத் தோல் வெந்தே போயிற்று. இப்போது மட்டும் எப்படி?

பதில்: அன்றைய எக்ஸ்ரே முழு வேகத்தையும் தோலிலேயே காட்டியது. ஜெர்மனியில் 1920-களில் தோல் சிவக்கும் அளவையே டோஸ் கணக்காக வைத்திருந்தார்கள் என்றால் பாருங்கள். 1951-ல் கனடாவில் கோபால்ட் மெஷின் வந்தது. அதன் உச்ச வேகம் தோலுக்கு அரை சென்டிமீட்டர் கீழே. இன்றைய 6 மெகாவோல்ட் மெஷினில் ஒன்றரை சென்டிமீட்டர் கீழே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அந்தப் பத்தாண்டிலேயே கோபால்ட் வந்துவிட்டது. உங்கள் பாட்டிக்குக் கொஞ்ச வருடத்தில் தவறிவிட்டது.

ஒன்பது வயது வாசகன், ராஜபாளையம்: எனக்கு பெர்த்தஸ் ஆபரேஷன் ஆச்சு. மாவுக்கட்டு எடுத்த அன்னிக்கே கிரிக்கெட் ஆடலாமா மாமா?

பதில்: அன்றைக்கு முடியாதுடா ராஜா. கட்டை எடுத்ததும் கால் குச்சியாக இருக்கும், முட்டி மடங்காது, தோல் செதில் செதிலாக உரியும். பயந்துவிடாதே, எல்லோருக்கும் அப்படித்தான். தோலைப் பிய்க்காதே, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் தானே போகும். முதலில் தண்ணீரில் நீச்சல், பிறகு சைக்கிள், கிரிக்கெட் கடைசி. எக்ஸ்ரே பார்த்து டாக்டர் தேதி சொல்வார். ‘எப்போ ஓடலாம்’ என்பதை நீயே அவரிடம் கேள்; அப்பா பில் விஷயம் கேட்கிற அவசரத்தில் மறந்துவிடுவார். அதுவரை ஸ்கோர் எழுதும் வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே.